காந்த அறைக் கமரா ஏன் இவ்வளவு அகலம்

தம்பி, தங்கச்சிமாருக்கு,

நேற்று நீங்கள் எங்கட லாப்புக்குப் புதுசாச் செய்த இணையதளத்தைக் காட்டினீங்கள். வடிவாத்தான் இருக்கு, குறை சொல்ல ஒண்டுமில்லை. பழசு நான் செய்தது. பச்சையும் மஞ்சளுமாக் கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி இருந்தது எண்டு நீங்கள் பின்னால சிரிக்கிறது எனக்குத் தெரியும். சிரியுங்கோ. ஆனா காந்த அறைக் கமராப் படம் வாற பக்கத்தை எடுத்துப்போடப் போறம் எண்டு சொன்னீங்கள் பாருங்கோ, அதுதான் எனக்குச் சரியாப்படேல்ல. "ஆர் அக்கா இதைப் பார்க்கினம்? காந்தத்தின்ர மீட்டர் இப்ப தானாவே செய்தி அனுப்புது. அதோட படத்தில பாதி வெறும் சுவர்" எண்டு கேட்டீங்கள். நான் பிளேன்டீயைக் குடிச்சிட்டு எழும்பி வந்திட்டன். கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டமாட்டன் எண்டு எனக்கே தெரியும். அதால எழுதுறன். வாசிச்சிட்டு, பிறகும் எடுக்கிறதெண்டா எடுங்கோ.

முதல் ஒண்டு. இந்த வேலைக்கு வந்த நேரம் நான் நினைச்சன், மெஷினைப் பார்க்கிறதும் இணையதளத்தைப் பார்க்கிறதும்தான் என்ர வேலை எண்டு. இல்லை. ஆக்களைப் பார்க்கிறதுதான் வேலை. பொதுவில ஒரு மெஷின் இருந்தா சண்டையும் பொதுவிலதான் இருக்கும். எங்கட தளத்தில மெஷினுக்கு நேரம் பதியிற பக்கத்தை நான் திறந்துவிட்ட அண்டே ஒரு பெரியவர் தன்ர மாணவர் எல்லாற்ற பேரிலயும் கிழமை முழுக்கப் பதிஞ்சு வைச்சிட்டார், பஸ்ஸுக்குள்ள கைலேஞ்சி போட்டு சீற் பிடிக்கிற மாதிரி. மற்றவை என்னோட வந்து ஏசிச்சினம். நான் அந்தப் பெரியவரிட்டப் போய், "சேர், காலையில பதிஞ்சது உங்கட மாணவி, ஆனா அவ போன மாசமே கலியாணம் கட்டி லண்டன் போட்டா எண்டு கேள்விப்பட்டன்" எண்டு மட்டும் சொன்னன். அடுத்த நாள் லேஞ்சி எல்லாம் எழும்பிட்டுது. ஆளை நேர பார்த்துக் கதைச்சா முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். மிச்சக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கதை.

எங்கட மெஷின் ஒரு பெரிய காந்தம், அதுக்கு நாங்கள் வைச்ச பேர் மாமி. நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கவேணும், குடுக்காட்டி வெடிப்பா, வெடிச்சா திரும்பச் சமாதானப்படுத்த எங்களிட்ட வசதி இல்லை. அவவின்ர சாப்பாடு திரவ நைட்ரஜன், ஐஸை விடக் கன மடங்கு குளிர். கொழும்பு வேர்வைக் காற்று அந்தக் குளிரில பட்டா மாமியின்ர கழுத்தில ஐஸ் கட்டும். அந்த ஐஸ் மூச்சுக்குழாயை அடைச்சா உள்ளுக்குள்ள அமுக்கம் ஏறும். அப்பிடி ஏறவிட்டா மாமி செத்தா எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ, கன பேற்ற ஆராய்ச்சியும் அதோட செத்துது. ஆகவே ஒவ்வொரு காலமையும் ஒராள் போய் அந்த ஐஸைக் கரைக்கவேணும். அதுக்கு நாங்கள் பாவிச்சது பொம்பிளையள் தலைமயிர் காயவைக்கிற மெஷின். வெளிநாட்டில இருந்து வந்த ஆக்களுக்கு இதைக் காட்ட எனக்கு வெக்கமாயிருக்கும்.

அந்தக் காலை வேலையைச் செய்தவர் கஜன். கோண்டாவில் பெடியன், எங்களிட்ட ஆராய்ச்சி உதவியாளரா இருந்தவர், பாமன்கடையில ஒரு வீட்டு அனெக்ஸில வாடகைக்கு இருந்தவர். அமைதியான ஆள். ஆனா கை வேலைக்காரன், எதைக் குடுத்தாலும் திருத்திப்போடுவார்.

நாட்டில சண்டை கடுமையா நடந்த வருசங்கள் அது. யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்தது. கொழும்பில ஒரு இடத்தில குண்டு வெடிச்சா, தமிழர் கன பேர் இருக்கிற வெள்ளவத்தை முழுக்கச் சுற்றிவளைப்பு. வேலைக்குப் போன பிள்ளை வீட்டுக்கு வரும் மட்டும் அடுப்பில கைவைக்க மனம் வராது. நான் இருந்தது வெள்ளவத்தையில. பாமன்கடையில இருந்து கஜன் வாற பாதையில எத்தினை செக்பொயின்ட், எது அண்டைக்குப் பூட்டு, ஒண்டும் சொல்ல ஏலாது. சில நாள் அவராலயும் வரேலாது, என்னாலயும் வரேலாது. மாமியின்ர கழுத்தில ஐஸ் எவ்வளவு எண்டு வீட்டில இருந்தே பார்க்க ஒரு வழி வேணும் எண்டு நான்தான் சொன்னன். கஜன் ஒரு கமராவைக் கொண்டுவந்து எதிர்ச் சுவரில பூட்டினார். காந்தத்துக்குக் கிட்ட வைச்சா கமரா கெட்டுப்போம், அதால தூரத்தில. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு படம் எடுக்கும், அது எங்கட தளத்தில ஏறும். ஆரும் பார்க்கலாம். கடவுச்சொல் ஒண்டும் வைக்கேல்ல, ஐஸைப் பார்த்து ஆருக்கு என்ன லாபம் எண்டு நினைச்சம்.

படம் அகலமா இருந்தது. மாமி நடுவில, இஞ்சால கதவு, அங்கால ஜன்னல். எனக்கு அது கண்ணில படவே இல்லை. நான் பார்த்தது ஐஸை மட்டும்.

ஒரு நாள் காலமை, கேற்றில இருந்து காவல்காரர் கோல் எடுத்தார். சிவில் உடுப்பில பொலிஸ் வந்திருக்கினம், உங்கட லாப்பைத்தான் கேக்கினம், எண்டு. அதே நேரம் எங்கட பேராசிரியர் மூச்சு வாங்க ஓடி வந்தார். சிங்களவர், தங்கமான மனுசன், எங்களுக்காக எத்தினை இடத்தில கையெழுத்து வைச்சவர். ஆனா பயந்த சுபாவம். ஆரோ முறைப்பாடு குடுத்திட்டினமாம், எங்கட இணையதளத்தில மந்திரிமார் மாதிரிப் பெரிய ஆக்கள் போற றோட்டை நேரடியாக் காட்டுறம் எண்டு. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தன். ஜன்னல். ஜன்னலுக்கு வெளியில றோட். ஐயோ!

"மிஸ், உடன அழியுங்கோ," எண்டார் பேராசிரியர். "படம் எல்லாத்தையும் அழியுங்கோ. அப்பிடி ஒரு பக்கம் இல்லவே இல்லை எண்டு சொல்லுவம்."

என்ர கை மவுஸில இருந்தது. அழிக்க ஒரு நிமிசம் போதும். கஜன் கதவடியில நிண்டார், கையில அந்தத் தலைமயிர் காயவைக்கிற மெஷின், முகத்தில இரத்தம் இல்லை. கமராவைப் பூட்டினது அவர். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. இதில ஒராளைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா ஆரைக் கூட்டிக்கொண்டு போவினம் எண்டு அங்க நிண்ட எல்லாருக்கும் தெரியும். அப்பிடிப் போன பிள்ளையளைத் தேடித் தாய்மார் ஸ்டேசன் ஸ்டேசனா அலைஞ்சதை நான் வெள்ளவத்தையில கண்ணால கண்டனான்.

பிள்ளையள், இதை மட்டும் நல்லாக் கேளுங்கோ. பயத்தில பதகளிக்கேக்க முதல் வாற யோசனை எப்பவும் அழிக்கிறதுதான். நான் யோசிச்சன்: அவங்கள் பார்த்திட்டுத்தானே வாறாங்கள். பார்த்தவனிட்ட இல்லை எண்டு சொன்னா, அது குற்றம் எண்டு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி. அந்தக் குற்றம் பேராசிரியற்ற தலையிலயும் விழாது, என்ர தலையிலயும் விழாது, கஜன்ர தலையிலதான் விழும். நான் மவுஸில இருந்து கையை எடுத்தன். "சேர், அப்பிடியே இருக்கட்டும். வந்து பார்க்கட்டும்," எண்டன். பேராசிரியர் தலையில கை வைச்சுக்கொண்டு இருந்திட்டார்.

வந்தவர் ஒரு இன்ஸ்பெக்டர். நல்ல உயரம், பளபளக்கிற மொட்டைத்தலை. அவரோட ஒரு டிரைவர். இன்ஸ்பெக்டர் கொம்பியூட்டரில படத்தைப் பார்த்தார், அடையாள அட்டையளைக் கேட்டார், கஜன்ர அட்டையை மட்டும் திருப்பிக் குடுக்காமல் கையில வைச்சுக்கொண்டார். சிங்களத்தில கேட்டார், "கமரா பூட்டினது ஆர்?"

"நான்தான் சேர்."

"அறையைக் காட்டு."

அப்ப எனக்கு ஒண்டு கண்ணில பட்டுது. அவற்ற சேட்டுக்கு உள்ளால இடுப்பில ஒரு பிஸ்டல் வீக்கம். நான் குறுக்க போய் நிண்டன். "சேர், துவக்கோட உள்ளுக்குப் போகேலாது."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! சண்டைக் காலத்தில ஒரு தமிழ்ப் பொம்பிளை பொலிசைப் பார்த்துத் துவக்கை வெளியில வை எண்டு சொல்லுறா. பேராசிரியர் கண்ணை மூடிட்டார். நான் அவசர அவசரமா விளங்கப்படுத்தினன், உள்ளுக்கு இருக்கிறது பெரிய காந்தம், இரும்பை இழுக்கும், துவக்கு உங்கட இடுப்பில நிக்காது எண்டு. அவர் கதவால காந்தத்தை எட்டிப் பார்த்தார். பிறகு துவக்கை எடுத்து டிரைவற்ற கையில குடுத்தார், வீட்டுத் திறப்புக்கோர்வையையும் குடுத்தார். நான் பொய் சொல்லுற ஆள் இல்லை எண்டு அவருக்கு முதல் தெரிஞ்சது அதிலதான் எண்டு பிறகு நான் நினைச்சனான்.

உள்ளுக்கு அவரும் கஜனும் பேராசிரியரும் போய் நிண்டினம். நான் வாசலில. அவர் ஜன்னலால றோட்டைப் பார்த்தார். திரும்பிக் கமராவைப் பார்த்தார். கிட்டப் போய் அதின்ர கண்ணாடி வளையத்தை விரலால தொட்டுப் பார்த்தார். கெட்டிக்காரன். "இந்த ஐஸைப் பார்க்க இவ்வளவு போதும்," எண்டு கையால ஒரு சின்னக் கட்டம் காட்டினார். "இதைத் திருப்பினாக் கிட்டக் காட்டும். உனக்கு அது தெரியும். பிறகு ஏன் இவ்வளவு அகலம்?"

கஜன் நிலத்தைப் பார்த்தார்.

"கேக்கிறன், ஏன் அகலம்?"

கஜன் நிமிரேல்ல. ஏதாவது சொல்லன் ராசா எண்டு மனசுக்குள்ள கத்தினன். எனக்கும் காரணம் தெரியாது.

நான் இடையில விழுந்தன். "சேர், ஏன் எண்டதைப் பிறகு கேக்கலாம். இதில றோட் எவ்வளவு தெரியுது எண்டதை முதல் நாங்கள் சோதிச்சுப் பார்ப்பமே. உங்கட டிரைவரை றோட்டில நிக்கச் சொல்லுங்கோ. நாங்கள் கொம்பியூட்டரில பார்ப்பம்." லாப்பில வளர்ந்த எனக்கு வேற என்ன தெரியும்? சந்தேகம் எண்டாச் சோதனை செய்யிறதுதான். என்ன வரும் எண்டு எனக்கும் தெரியாது, சத்தியமா.

டிரைவர் துவக்கைத் திருப்பிக் குடுத்திட்டு, என்ர சிவப்புக் குடையை விரிச்சுக்கொண்டு றோட்டுக்குப் போனார். நாங்கள் கொம்பியூட்டருக்கு முன்னால. படம் மேல இருந்து கீழ, ஒரு வரி, ஒரு வரியா வந்தது. எங்கட இன்டர்நெட் அப்ப அப்பிடி, கிழவி படியேறுற மாதிரி. மவுஸை அமத்தினம், முதல் வந்தது பழைய படம். திரும்ப அமத்தினம். ஜன்னல் இடத்தில வெறும் வெள்ளை வெளிச்சம். திரும்ப அமத்தினம். பாதியில நிண்டிட்டுது. டிரைவர் வெயிலில நிண்டு அலுத்துப்போய், குடையை மடிச்சுக்கொண்டு மேல வந்திட்டார். லாப்பில வேலை செய்த தங்கச்சி ஒராள் அவருக்குப் பிளேன்டீ குடுத்தா. அவர் குடிச்சு முடிக்கிற நேரம் படம் முழுசா வந்தது. மேகம் மூடியிருக்கவேணும், வெள்ளை வெளிச்சம் குறைஞ்சு றோட் மங்கலாத் தெரிஞ்சுது. அதில ஒரு சிவப்புப் புள்ளி.

"சேர், அது நான்தான்," எண்டார் டிரைவர், கையில கோப்பையோட.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், பக்கத்தில நிண்ட டிரைவரைப் பார்த்தார். மூக்கால ஒரு சிரிப்பு வந்தது. "இதை வைச்சு ஒருத்தன் பஸ் கூடப் பிடிக்கமாட்டான்," எண்டார். பேராசிரியர் பெரிசா மூச்சு விட்டார். நானும் விட்டன்.

ஆனா அவர் சிரிப்பை மடிச்சு வைச்சிட்டு எழும்பினார். "றோட் விசயம் சரி. ஆனா நான் கேட்டதுக்கு இவன் இன்னும் பதில் சொல்லேல்ல. பதில் சொல்லாத ஆளை நான் விட்டிட்டுப் போகேலாது. ஸ்டேசனில கேக்கிறன்." கஜன்ர அட்டையைத் தன்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள போட்டார்.

அந்தப் பொக்கற் பட்டனைப் பூட்டேக்க லாப் டெலிபோன் அடிச்சுது.

நான் எடுத்தன். ஒரு பொம்பிளைக் குரல், அழுகையும் அவசரமும். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார், ஸ்பீக்கரில போடுங்கோ எண்டு. எனக்கு வேற வழியில்லை. போட்டன்.

"பிள்ளை, நான் கஜன்ர அம்மா, யாழ்ப்பாணத்தில இருந்து கதைக்கிறன். படத்தில அவனுக்குப் பக்கத்தில புது ஆக்கள் நிக்கினமே, ஆர் அது? அந்த மொட்டையர் ஆர்? அவனைப் பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்களோ? அவன் தலை குனிஞ்சு நிக்கிறான் பிள்ளை, எனக்குத் தெரியுது!"

கஜன் முகத்தைக் கையால மூடிக்கொண்டார். இப்ப எனக்கு எல்லாம் விளங்கினது. யாழ்ப்பாணத்தில ஒராள் நாள்தோறும் இந்தக் கமராவைப் பார்க்கிறா எண்டு அந்தக் காலத்தில ஒரு பெடியன் பொலிசிட்ட எப்பிடிச் சொல்லுவான்? புலியளுக்குக் காட்டுறான் எண்டெல்லோ நினைப்பினம்.

"என்ன சொல்லுறா?" எண்டார் இன்ஸ்பெக்டர். என்னைப் பார்க்கேல்ல, டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கொச்சிக்கடைக்காரர், துறைமுகப் பக்கம் தமிழரோட வளர்ந்த சிங்களவர், எங்களை விட நல்லாத் தமிழ் விளங்கும். அவர் ஒழுங்கா மொழிபெயர்த்தார். ஒரு இடத்தில மட்டும் தடக்கினார்.

"அதில ஒரு சொல்லை விட்டிட்டாய்," எண்டார் இன்ஸ்பெக்டர்.

"மொட்டை சேர்," எண்டார் டிரைவர் மெல்ல. "அந்த மொட்டை ஆர் எண்டு கேக்கிறா."

இன்ஸ்பெக்டர் தன்ர தலையைத் தடவினார். பிறகு டிரைவரைக் கொண்டே கேப்பிச்சார், எப்பிடி அம்மா பார்க்கிறீங்கள், எத்தினை நாளாப் பார்க்கிறீங்கள் எண்டு. அம்மா எல்லாம் சொன்னா. கோயிலுக்குப் போட்டு வரேக்க இன்டர்நெட் கடையில ஏறுவாவாம். அங்க வேலை செய்யிற பெட்டைப்பிள்ளை படத்தைத் திறந்து காட்டுவாளாம். மகன் ஐஸ் கரைக்கிறதைக் கண்டா, ராத்திரி அவனை ஒருத்தரும் பிடிக்கேல்ல, வழியிலயும் பிடிக்கேல்ல, வேலைக்கு வந்திட்டான் எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகுதானாம் சோறு இறங்கும். "ஐஸ் மட்டும் தெரிஞ்சா நான் என்ன செய்ய தம்பி? என்ர பிள்ளை தெரியவேணும். அதுதான் பெரிசா வைக்கச் சொன்னனான்," எண்டா.

அகலத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் பொக்கற் பட்டனைக் கழட்டினார். பொக்கற்றில இருந்து அட்டையை எடுத்துக் கஜன்ர கையில குடுத்தார். டெலிபோனுக்குக் கிட்டக் குனிஞ்சு, "அம்மே, பய வென்ன எப்பா," எண்டார். பயப்படவேண்டாம் எண்டு. அந்தச் சிங்களம் அம்மாவுக்கு விளங்கினதோ தெரியாது, அவ விடேல்ல. "எனக்குச் சொன்னாப் போதாது, கண்ணில காட்டுங்கோ," எண்டா.

பிறகு நடந்ததை நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறன், ஒருத்தரும் நம்பினதில்லை. இன்ஸ்பெக்டர் துவக்கைத் திரும்பவும் டிரைவரிட்டக் குடுத்திட்டு உள்ளுக்குப் போனார். மாமிக்குப் பக்கத்தில கஜனை நிப்பாட்டி, தோளில கையைப் போட்டுக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரிச்சார். நான் வாசலில இருந்து சொன்னன், "சேர், கமரா அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காத்தான் எடுக்கும். அது மட்டும் அசையாமல் நிக்கவேணும்."

நிண்டார், பிள்ளையள். சிரிச்ச சிரிப்பு மாறாமல், வேர்வை வழிய வழிய நிண்டார். கஜனுக்கு முதல் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, அடக்க ஏலாமல் குலுங்கினார். பேராசிரியரும் ஓடிப்போய் மற்றப் பக்கத்தில நிண்டுகொண்டார். ஸ்பீக்கரில அம்மாவின்ர மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியா, "ஆ... வருது, வருது... மொட்டையர் சிரிக்கிறார்!" எண்டா. நான் அப்பிடியே கதிரையில இருந்திட்டன்.

போகேக்க அவர் கஜன்ர விலாசத்தை எழுதிக்கொண்டுதான் போனார். அது அவற்ற வேலை. ஜன்னலைப் பலகை வைச்சு அடைக்கச் சொன்னார், அண்டைக்கே அடைச்சம், வெள்ளையும் அடிச்சம். நீங்கள் படத்தில பாதி எண்டு சொல்லுற அந்த வெறும் சுவர் அதுதான். "அகலத்தைக் குறைக்கட்டோ சேர்?" எண்டு நான் கேட்டதுக்கு, "எதுக்கு? கிழவி சாப்பிடவேண்டாமா?" எண்டு கேட்டிட்டுப் படியிறங்கினார். அந்த வருசங்களில எல்லாப் பிள்ளையளுக்கும் அப்பிடி ஒரு ஆள் வந்து வாய்க்கேல்ல. அதை நான் மறக்கேல்ல, நீங்களும் மறக்கக்கூடாது.

கஜன் பிறகு படிக்கவெண்டு ஆஸ்திரேலியா போய், அங்கயே வேலை, கலியாணம், பிள்ளையள். அம்மா கோண்டாவிலிலதான். வயது போட்டுது. இப்ப கடைக்குப் போகத் தேவையில்லை, மகன் வாங்கிக் குடுத்த போனில பார்க்கிறா. மகன்தான் அதில இல்லையே, பிறகு என்னத்தைப் பார்க்கிறீங்கள் எண்டு ஒரு நாள் கேட்டன். "பழகிப்போச்சு பிள்ளை. அங்க வாற பிள்ளையள் எல்லாம் பத்திரமா வந்திட்டுதுகளோ எண்டு பார்த்திட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறன்," எண்டா. உங்களில ஒருத்தற்ற பேரும் அவவுக்குத் தெரியாது. ஆளை மட்டும் தெரியும்.

போன கிழமை எனக்குக் கோல் எடுத்தவ. "அந்த நெட்டைப் பெடியன், கண்ணாடி போட்டவன், ரெண்டு மூண்டு நாளாக் காணேல்ல. சுகமில்லையோ? ஒருக்காக் கேட்டுச் சொல்லு பிள்ளை," எண்டா.

ஆர் இதைப் பார்க்கினம் எண்டு கேட்டாய் தம்பி. காய்ச்சல் எண்டு நீ வீட்டில படுத்திருந்த நாளில உன்னைத் தேடினது அவதான்.